கொரோலா இன்டேக் மனிபோல்ட்டை வீட்டிலேயே சுத்தம் செய்து பெயின்ற் பூசுவது எப்படி?

கேள்வி: கல்லடி 110

வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது 1990களின் பிற்பகுதியில் வந்த கொரோலா 110. அதில் 1500 சீசீ 5ஏ எஞ்சின் இருக்கிறது. அப்பா ஆசையோடு வாங்கிய வாகனம் அது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து, இருப்பதைப் பேணுவதைத் தவிர எங்களைப் போன்றவர்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் தொடங்கிய பின்னரும் புதிய வாகனத்தின் விலை எங்கள் கைக்கு எட்டுவதாக இல்லை.

சென்ற மாதம் ஐட்லிங், அதாவது வாகனம் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம், ஏறி இறங்கத் தொடங்கியது. பார்த்த மெக்கானிக், இன்டேக் மனிபோல்ட்டுக்கும் (காற்றை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் கிளைக்குழாய்) எஞ்சினுக்கும் இடையில் காற்றுப் புகாமல் அடைக்கும் கஸ்கட்டின் ஊடாகக் காற்று இழுபடுகிறது என்றார். கஸ்கட்டை மாற்றுவதற்காக மனிபோல்ட்டைக் கழற்றியபோதுதான் அதன் நிலை முழுமையாகத் தெரிந்தது. எங்கள் வீடு கடலிலிருந்து அரைக் கிலோமீற்றர்கூட இல்லை. உப்புக்காற்றுப் பட்டுப்பட்டு அலுமினியம் முழுவதும் வெள்ளைத் தூளாகப் பூத்திருக்கிறது. சில இடங்களில் ஊசியால் குத்தியது போன்ற சிறு குழிகளும் விழுந்திருக்கின்றன. போன வருடம், 600 பாகை வெப்பம் தாங்கும் என்று எழுதப்பட்டிருந்த வெள்ளி நிற ஸ்ப்றே ஒன்றை, மனிபோல்ட்டைக் கழற்றாமல் மேலாலேயே அடித்திருந்தேன். மூன்று மாதத்துக்குள் அது பொருக்காக எழும்பியது. பெற்றோல் பட்ட இடங்களில் துணியால் துடைத்தவுடன் துணியோடு வந்துவிட்டது.

இப்போது மனிபோல்ட் கையில் இருப்பதால் இந்த முறை ஒழுங்காகச் செய்ய விரும்புகிறேன். எந்தப் பெயின்ற் பொருத்தமானது? பிறைமர் கட்டாயம் வேண்டுமா? ஹாட்வெயார் கடையில் ஒருவர், கோஸ்டிக் சோடாக் கரைசலில் ஓர் இரவு ஊறப்போட்டால் எல்லா அழுக்கும் போய்விடும் என்றார், அதை நம்பலாமா? என்னிடம் கொம்பிரசர் இல்லை. ஸ்ப்றே ரின்களைக் கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். புரட்டாதி முடிந்து மழை தொடங்குவதற்கு முன்னர் வாகனத்தை ஓடவைக்க வேண்டும் என்பதும் மனதில் இருக்கிறது.

பதில்: களுவாஞ்சிக்குடி பிற்றர்

தம்பி, கோஸ்டிக் சோடாவை அலுமினியத்துக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நீங்கள் இன்று இரவே ஊறப்போட்டுவிடக் கூடும். இரும்புப் பாகங்களின் கிறீஸை எடுப்பதற்கு அது உதவும் என்பது உண்மை. ஆனால் அலுமினியம் அதில் கரையும். கரையும்போது தீப்பற்றக்கூடிய ஐதரசன் வாயு கிளம்பும். ஓர் இரவு கழித்து எடுத்தால் மனிபோல்ட் கறுத்து, கஸ்கட் அமரும் முகம் அரிக்கப்பட்டு, மரைகளும் தளர்ந்துபோயிருக்கும். அடைபட்ட கான்களைத் திறக்கும் தூள்களிலும், குசினி அவண் கழுவும் சில திரவங்களிலும் இதே பொருள்தான் இருக்கிறது. ஆகவே பெயரைப் பார்த்து ஏமாறாமல் போத்தலின் பின்புறத்தை வாசித்துப் பாருங்கள்.

அடுத்தது உங்கள் பழைய பெயின்ற் ஏன் நிற்கவில்லை என்பது. 600 பாகை என்று எழுதப்பட்டவை பெரும்பாலும் எக்சோஸ்ட் குழாய்க்கும் சைலன்சருக்கும் உரியவை. அவற்றில் இருக்கும் சிலிக்கோன் பிசின், பூசிய பின்னர் 200 பாகையை அண்டிய சூட்டில் படிப்படியாக வேகவேண்டும். வெந்த பிறகுதான் இறுகும், அதுவரை பெற்றோலையும் ஒயிலையும் தாங்காது. எக்சோஸ்ட் பக்கத்தில் அந்தச் சூடு தானாகவே கிடைத்துவிடுகிறது. இன்டேக் பக்கத்திலோ உள்ளால் ஓடுவது வெளிக்காற்று. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் 80 முதல் 95 பாகை வரையில் நிற்பதால், மனிபோல்ட்டின் உடம்பு 100 பாகையைத் தாண்டுவது அரிது. ஆகையால் நீங்கள் அடித்த பெயின்ற் ஒருநாளும் வேகவே இல்லை. பெரிய எண்ணைப் பார்த்து நல்ல பெயின்ற் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் இந்தப் பாகத்துக்கு வேண்டியது பெற்றோலையும் ஒயிலையும் தாங்கும் எஞ்சின் எனாமல், அதாவது 150 முதல் 260 பாகை வரை தாங்கும் என்று குறிக்கப்பட்ட வகை.

என் அனுபவத்தில் இந்த வேலையின் முக்கால் பங்கு சுத்தம் செய்வதுதான். மனிபோல்ட் மணல் அச்சில் வார்க்கப்பட்டது. அதன் முகம் கரடுமுரடானது, நுண்ணிய துளைகள் நிறைந்தது. இருபத்தைந்து வருட ஒயில் அந்தத் துளைகளுக்குள் ஊறிக் கிடக்கிறது. மேலால் துடைத்துவிட்டுப் பெயின்ற் அடித்தால், எஞ்சின் சூடாகும்போது அந்த ஒயில் கசிந்து வந்து பெயின்றை அடியிலிருந்தே தள்ளிவிடும். ஆகவே சென்சர்கள், இன்ஜெக்டர்கள், ரப்பர் குழாய்கள், உள்ளே போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ரொட்டில் பொடி என எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, முதலில் மண்ணெண்ணெயால் உள்ளும் புறமும் கழுவுங்கள். உள்ளே, குறிப்பாக த்ரொட்டில் பொடி இருந்த வாய்ப்பக்கத்தில், ஒயில் ஆவியும் கரியும் சேர்ந்து கறுப்புக் களியாக ஒட்டியிருக்கும். நீண்ட காம்புத் தூரிகை வேண்டிவரும். அதன் பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தைச் சுடுநீரில் கலந்து, பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு முறை போதாது. கழுவிய நீரில் நிறம் இறங்குவது நிற்கும் வரைக்கும் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். நான் நான்கு முறை கழுவிய மனிபோல்ட்டுகளும் உண்டு. கடைசியாக நல்ல நீரால் அலசுங்கள். உங்கள் கிணற்று நீர் உவராக இருந்தால் குழாய்நீரையோ மழைநீரையோ பாவியுங்கள், ஏனெனில் அலுமினியத்தில் குழி விழுவதற்குக் காரணமான உப்பையே மறுபடியும் அதில் பூசிவிடக் கூடாது.

வெள்ளைத் தூளையும் பழைய பெயின்றையும் எடுப்பதற்கு இரும்புக் கம்பித் தூரிகை ஆகாது. அதன் துகள்கள் மென்மையான அலுமினியத்துக்குள் புதைந்து, சில மாதங்களில் பெயின்றின் அடியில் துருப்புள்ளியாக வெளிப்படும். பித்தளைத் தூரிகையோ துருப்பிடிக்காத உருக்குத் தூரிகையோ எடுங்கள். குழிகளின் அடியில் வெள்ளை மீதமிருந்தால் அங்கிருந்தே அரிப்பு மறுபடியும் தொடங்கும். பொறுமையாக ஒவ்வொரு குழியாகப் பாருங்கள்.

இன்னொன்று. மனிபோல்ட்டைக் கழற்றிய இடத்தில் எஞ்சின் ஹெட்டின் நான்கு துவாரங்களும் இப்போது திறந்து கிடக்கும். அவற்றைச் சுத்தமான துணியால் அடைத்து, எத்தனை துணி வைத்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள். ஹெட்டின் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய கஸ்கட்டைப் பிளாஸ்ரிக் சுரண்டியால் எடுங்கள். பச்சை நிறத் தேய்ப்புப் பஞ்சையும் மண்கடதாசியையும் அங்கே பாவிப்பவர்கள் பலர். அவற்றிலிருந்து உதிரும் தூள் கண்ணுக்குத் தெரியாமல் ஒயிலோடு சேர்ந்து பெயாரிங்குகளைத் தின்றுவிடும். இந்தக் காரணத்தால் நல்ல எஞ்சின் ஒன்று வீணானதை நான் நேரில் கண்டிருக்கிறேன். அதனால்தான் வலியுறுத்திச் சொல்கிறேன்.

பதில்: கல்முனைப் பெயின்ற்றர்

ஐயா கூறிய சுத்தம் பற்றிய விடயங்களோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். பெயின்ற் பக்கத்தை நான் சொல்கிறேன்.

பிறைமர் கட்டாயம் வேண்டும். அதுவும் எட்ச் பிறைமர் என்று சொல்லப்படும் அமிலம் கலந்த வகையே வேண்டும். அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன்மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தை உண்டாக்கிக்கொள்ளும். சாதாரண பெயின்ற் அதில் பிடித்து நிற்பது கடினம். எட்ச் பிறைமரில் உள்ள பொஸ்போரிக் அமிலம் அந்தப் படலத்தை இலேசாகக் கடித்து, பிசின் பற்றிக்கொள்ள இடம் செய்து கொடுக்கிறது. நம் கடைகளில் பிறைமர் என்று கேட்டால் பெரும்பாலும் சிவப்பு ஒட்சைட்டைத்தான் எடுத்துத் தருவார்கள். அது இரும்புக் கேற்றுக்கும் கிராதிக்கும் நல்லது, அலுமினியத்துக்கு உரியதல்ல. எட்ச் பிறைமரை மெல்லியதாகவே அடிக்க வேண்டும். அடியில் உள்ள உலோகம் இலேசாகத் தெரிந்தால் பரவாயில்லை. தடிப்பாக அடித்தால் அமிலம் உள்ளே சிறைப்பட்டு, மேற்பூச்சு பிடிக்காமல் போகும்.

பிறைமருக்கு முன்னர் வெளிமுகத்தை 180 இலக்க மண்கடதாசியாலும், பிறகு 320 இலக்க வட்டர் பேப்பராலும் தேயுங்கள். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் மேடாக ஒரு கோடு ஓடும். அதை அரத்தால் வெட்டிவிட்டால் வேலை முடிந்த பிறகு மனிபோல்ட்டின் தோற்றமே வேறாக இருக்கும். வார்ப்பின் கரடுமுரடு முழுவதையும் மழமழப்பாக்க முயல வேண்டாம், வாகனத்தின் உடற்தகட்டு வேலைக்குப் பாவிக்கும் பட்டியை அதில் அப்பவும் வேண்டாம். எஞ்சினின் சூட்டிலும் அதிர்விலும் பட்டி வெடித்துக் கழன்றுவிடும். தேய்த்து முடித்ததும் மறுபடியும் கழுவி, உலர்த்தி, கையுறை போட்ட கையால் மட்டுமே தொட வேண்டும். தேய்த்த அன்றே பிறைமர் அடித்துவிடுங்கள். கடற்கரையில் ஓர் இரவு விட்டு வைத்தால் மறுநாள் அந்த ஒட்சைட்டுப் படலம் தடித்திருக்கும்.

மூட வேண்டிய இடங்களை முதலிலேயே மூடிவிடுங்கள். கஸ்கட் அமரும் முகங்கள், காற்றுப் போகும் துவாரங்களின் உட்புறம், இன்ஜெக்டர் அமரும் குழிகள், சென்சர் மரைகள் ஆகியவற்றில் ஒரு துளி பெயின்றும் படக்கூடாது. கஸ்கட் முகத்தில் பெயின்ற் இருந்தால், இறுக்கிய பிறகு அது சூட்டில் இளகி இடம் கொடுக்கும். நீங்கள் எந்தக் குறைக்காகக் கழற்றினீர்களோ அந்தக் காற்றிழுப்பே மறுபடியும் வரும். துவாரத்தின் உட்புறத்தில் இருந்தால், பொருக்காகக் கழன்று நேராக சிலிண்டருக்குள் போகும். மாஸ்கிங் டேப்பை முகத்தின் மேல் அகலமாக ஒட்டி, விளிம்பைச் சுற்றிக் கூரான கத்தியால் வெட்டினால் நேர்த்தியாக வரும். மரைகளுக்குப் பழைய மரையாணிகளையே திருகி விடலாம்.

இனிக் காலநிலை. நம் ஊர்களில் இதைக் கவனிக்காமல் செய்து கெட்ட வேலைகளே அதிகம். ஈரப்பதன் 85 வீதத்தைத் தாண்டும்போது பெயின்ற் அடிக்கக் கூடாது. தின்னர் ஆவியாகும்போது உலோகத்தின் முகம் குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதில் படிந்து, பெயின்ற் வெண்மையாகப் பூத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாடைக் காற்றோடு மழை பிடித்துவிட்டால் கூரைக்குக் கீழே அடித்தாலும் இந்தக் கோளாறு வரும். கச்சான் காற்று வீசும் காலத்தில் ஈரம் குறைவு, ஆனால் மத்தியானத்தில் மண்ணை அள்ளிக்கொண்டு வரும். ஆகவே புரட்டாதியில், காலை எட்டரை மணிக்கும் பத்தரை மணிக்கும் இடையில், பனி ஈரம் போய் கடற்காற்று எழும்பும் முன்னர் அடிப்பதே நல்லது. மாலையில் அடித்தால் வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் பெயின்றில் ஒட்டும்.

ஸ்ப்றே ரின்னை ஒரு நிமிடமாவது நன்றாகக் குலுக்கி, 20 முதல் 25 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடியுங்கள். முதல் பூச்சு தூறல் போல இருந்தால் போதும். பத்து நிமிட இடைவெளி விட்டு இரண்டாவது, பிறகு மூன்றாவது. மனிபோல்ட்டில் குழாய்களுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய இடங்கள் பல இருப்பதால் அவற்றை முதலில் அடித்துவிட்டு வெளிமுகங்களுக்கு வாருங்கள். மாறிச் செய்தால் இடுக்குகளை நிரப்பும்போது வெளிமுகத்தில் வழிந்துவிடும். எஞ்சின் எனாமல்களில் பலவற்றுக்கு, ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாப் பூச்சுகளையும் முடிக்க வேண்டும், தவறினால் சில நாட்கள் காத்திருக்க வேண்டும் என்ற விதி உண்டு. இடைப்பட்ட நேரத்தில் அடித்தால் கீழ்ப்பூச்சு சுருங்கித் தோலுரியும். அந்தக் காலக்கெடு ரின்னுக்கு ரின் மாறும் என்பதால், எழுதியிருப்பதை வாசித்து அதன்படி செய்யுங்கள். 400 மில்லிலீற்றர் ரின்னில் பிறைமர் ஒன்றும் எனாமல் ஒன்றும் இந்த மனிபோல்ட்டுக்குத் தாராளமாகப் போதும்.

ஒரு வேண்டுகோள். இரண்டு பொருளைக் கலந்து அடிக்கும் ரூ-கே பெயின்ற் பலமானது என்று யாராவது சொன்னால் வீட்டில் அதை அடிக்க வேண்டாம். அதன் இறுக்கியில் ஐசோசயனேற்று இருக்கிறது. அது நுரையீரலில் தீராத ஆஸ்துமாவை உண்டாக்கும். துணி முகக்கவசமும் மருந்துக்கடை முகக்கவசமும் அதைத் தடுக்காது. என்னோடு வேலை பழகிய ஒருவர் இப்போது பெயின்ற் வாசம் வரும் இடத்துக்கே போக முடியாமல் இருக்கிறார்.

பதில்: அக்கரைப்பற்று 84

நான் சற்று மாறான கருத்து உடையவன். என்னுடைய பழைய நிசான் சன்னி காரின் மனிபோல்ட்டை நன்றாகக் கழுவி, எதுவும் பூசாமல் அப்படியே போட்டுவிட்டேன். நான்கு வருடம் கழிந்தும் பார்வைக்குப் பரவாயில்லை. ஆனால் என் வீடு கடலிலிருந்து ஐந்து கிலோமீற்றர் உள்ளே, வயற்பக்கத்தில் இருக்கிறது. கல்லடிக் கரையில் வெறும் அலுமினியம் இரண்டு மழைக்காலம் தாண்டுமா என்பது சந்தேகம்தான். ஆகவே நீங்கள் பூசுவது சரி. சிலர் மினுக்கி, மேலே நிறமில்லாத கிளியர் அடிப்பார்கள். மினுக்கிய முகத்தில் கிளியர் பிடிக்க இடமில்லாததால் அது ஓரங்களிலிருந்து கழன்று வரும். அதை மட்டும் செய்ய வேண்டாம்.

புதிய வாகனம் வைத்திருப்போர் இதை வாசித்தால் அவர்களுக்கும் ஒரு சொல்: இப்போது வரும் மனிபோல்ட்டுகள் பல நைலோன் பிளாஸ்ரிக்கால் ஆனவை. மேலே சொன்ன எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

மீண்டும்: கல்லடி 110

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கோஸ்டிக் சோடா வாங்கவில்லை. மண்ணெண்ணெயாலும் சவர்க்கார நீராலும் மூன்று முறை கழுவிவிட்டேன். மூன்றாவது முறையும் நீர் சாம்பல் நிறமாகத்தான் வந்தது.

இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. நண்பர் ஒருவரின் வேலைத்தளத்தில் மணல் வீசிச் சுத்தம் செய்யும் இயந்திரம் இருக்கிறது. பணம் வாங்காமல் செய்து தருவதாகச் சொல்கிறார். அதைச் செய்யலாமா? மற்றது, எனக்குக் கறுப்பு நிறம் பிடித்திருக்கிறது. கறுப்பு வெப்பத்தை உறிஞ்சி உள்ளே போகும் காற்றைச் சூடாக்கிவிடும் என்று தம்பி சொல்கிறான். வெள்ளி நிறமே அடிக்க வேண்டுமா?

பதில்: களுவாஞ்சிக்குடி பிற்றர்

மணல் வீசினால் வெளிமுகம் மிக அழகாக வரும், பிறைமரும் இறுகப் பிடிக்கும். ஆனால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். வீசிய மணல் உள்ளே புகுந்து, வளைவுகளிலும் வார்ப்பின் துளைகளிலும் ஒளிந்துகொள்ளும். கழுவினாலும் முழுவதும் போகாது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதிர்விலும் காற்றிழுப்பிலும் ஒவ்வொன்றாகக் கழன்று, சிலிண்டரின் சுவரைக் கீறும். இந்தப் பாகத்துக்குப் பின்னால் காற்று வடிகட்டி எதுவும் இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். செய்தே ஆகவேண்டும் என்றால் எல்லா வாய்களையும் ரப்பர் அடைப்பாலும் உலோகத் தகட்டாலும் இறுக மூட வேண்டும். டேப் மட்டும் ஒட்டினால் மணல் அதைத் துளைத்துக்கொண்டு போகும். கையால் தேய்ப்பதற்கு இரண்டு நாள் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

நீர் இன்னமும் சாம்பல் நிறமாக வந்தால் துளைகளில் ஒயில் இருக்கிறது. மனிபோல்ட்டைக் கொதிநீர் அண்டாவில் அரை மணித்தியாலம் வைத்து எடுங்கள். சூட்டில் ஒயில் வெளியே வரும். மண்ணெண்ணெய் முழுவதும் கழுவப்பட்ட பிறகே அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். அந்த அண்டாவைத் திரும்பவும் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

பதில்: கல்முனைப் பெயின்ற்றர்

நிறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மினுமினுப்பான வெறும் அலுமினியத்தோடு ஒப்பிட்டால், கறுப்புப் பெயின்ற் பூசிய முகம் கதிர்வீச்சு வெப்பத்தை அதிகமாக வாங்கும் என்பது உண்மை. அதே அளவுக்கு அதிகமாக வெளியிலும் விடும். இந்த மனிபோல்ட் சூடாவதற்கு முக்கிய காரணம், அது ஹெட்டோடு உலோகத்தோடு உலோகமாக இறுக்கப்பட்டிருப்பதும், த்ரொட்டில் பொடிக்குக் கூலன்ட் வருவதுமே. நிறத்தால் வரும் வேறுபாட்டை ஓட்டுபவர் உணர முடியாது. வெள்ளி நிறத்துக்கு வேறொரு நன்மை உண்டு: எங்காவது ஒயில் கசிந்தாலும் கூலன்ட் கசிந்தாலும் உடனே கண்ணில் படும்.

அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் விறகடுப்போ காஸ் அடுப்போ எரியக் கூடாது. ஸ்ப்றே ரின்னின் உந்துவாயுவே தீப்பற்றக்கூடியது. நிலத்தோடு படர்ந்து போகும்.

மீண்டும்: கல்லடி 110

வேலை முடிந்துவிட்டது, இனி இதைத் தேடி வருபவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன். கொதிநீரிலிருந்து எடுத்தபோது, சுத்தமாக இருப்பதாக நான் நம்பியிருந்த மனிபோல்ட்டிலிருந்து நீரின் மேல் ஒயில் படலமாக மிதந்தது. இரண்டாவது முறை வைத்தபோதுதான் நீர் தெளிவாக நின்றது. அதற்குப் பிறகும், பிறைமர் அடிக்கும்போது த்ரொட்டில் பொடி அமரும் இடத்தின் அடிப்புறத்தில் மட்டும் மீன்கண் போன்ற வட்டங்கள் விழுந்தன. அந்த இடத்தைத் தின்னரால் துடைத்து, மறுபடி தேய்த்து, மறுநாட் காலையில் திரும்பவும் அடித்தேன். நிறத்துக்கு வெள்ளியையே தெரிவு செய்தேன். கசிவு கண்ணில் படும் என்ற காரணம் எனக்குச் சரியாகப் பட்டது. மூன்று பூச்சுகளையும் ஐம்பது நிமிடத்தில் முடித்து, பின்வளவுத் தகரக் கொட்டிலுக்குள் ஐந்து நாட்கள் தொங்கவிட்டிருந்தேன். பகல் வெயிலில் அந்தத் தகரத்தின் கீழ் இருந்த சூடு பெயின்றை நன்றாக இறுக்கிவிட்டது. ஆறாம் நாள், மறைவான ஒரு மூலையில் பெற்றோல் நனைத்த துணியால் தேய்த்துப் பார்த்தேன். துணியில் நிறம் வரவில்லை.

பூட்டும்போது ஹெட்டின் துவாரங்களில் வைத்த நான்கு துணிகளையும் எண்ணி எடுத்த பின்னரே புதிய கஸ்கட்டை வைத்தேன். மரையாணிகளை நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி, மூன்று தடவையாக, 20 நியூட்டன் மீற்றர் அளவுக்கு ரோர்க் ரென்ச்சால் இறுக்கினேன். பழைய பெயின்றை எடுத்த அளவுக்குக் குழிகளை என்னால் சீராக்க முடியவில்லை. கிட்ட நின்று பார்த்தால் அவை பெயின்றின் அடியில் தெரிகின்றன. ஐட்லிங் இப்போது ஏறி இறங்காமல் ஓரிடத்தில் நிற்கிறது. நேற்று அப்பாவை முன்னால் இருத்தி, கல்லடிப் பாலத்தைத் தாண்டி நகருக்குப் போய் வந்தோம். வீட்டுக்கு வந்ததும் அவர் பொனட்டைத் திறக்கச் சொல்லி, நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.